பெங்குவின் புழுவுக்குப் பெயர்சூட்டல்

யாழ்ப்பாணம் உலகத்துக்கு அளித்த அறிவுக்கொடைகளின் நீண்ட பட்டியலில், 1976ஆம் ஆண்டு மே மாதம் ஐந்தாம் திகதி, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு இன்னொன்று சேர்ந்தது. கண்டம் தாண்டி, சமுத்திரம் தாண்டி, தென்துருவத்துப் பக்கமிருந்து வீசுகிற குளிரையும் தாங்கிக்கொண்டு, ஒரு தமிழன் இயற்கை பூட்டி வைத்திருந்த கதவு ஒன்றைத் திறந்தான். திறந்தவர் பெயர் கந்தையா சச்சிதானந்தன், பி.எஸ்ஸி. கதவு இருந்த இடம் ஒரு பெங்குவினின் பீ.

இப்படிப் பச்சையாகச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. தமிழில் 'எச்சம்' என்பார், ஆங்கிலத்தில் 'மெற்றீரியல்' என்பார். பெயரை எப்படி மாற்றினாலும் மணம் மாறவில்லை. நாலு நாள் அழுகிய சாளை மீனை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, அதை ஈரச் சப்பாத்துக்குள் அடைத்து வெயிலில் வைத்தால் வருகிற நாற்றத்தோடு அதை ஒப்பிடலாம். ஆனால் அந்தச் சப்பாத்து ஓரிடத்தில் கிடக்கும். பெங்குவின் அப்படி இல்லை. வாலைச் சற்றே தூக்கி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டதுபோல, பச்சையும் வெள்ளையுமாய் மூன்றடி தூரத்துக்குப் பீச்சியடிக்கும். சச்சிதானந்தனுடைய வெள்ளை மேலங்கியில் இடுப்புக்குக் கீழே வெள்ளை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

மெல்பேர்ணுக்குத் தெற்கே, குடாக் கரையில், பழைய படகுக் கொட்டில் ஒன்றைத் தட்டிக்கொட்டி உண்டாக்கிய கடற்பறவைப் புகலிடம் அது. எண்ணெய் படிந்து, வலையில் கிழிந்து, நாய் கடித்துக் கரையொதுங்குகிற குட்டிப் பெங்குவின்களை அங்கே கொண்டுவருவார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத பறவைகள். கழுவி, தீனி கொடுத்து, தேற்றி, திரும்பக் கடலில் விடுவார்கள். அந்த மே மாதம் ஒன்பது இருந்தன. ஒவ்வொரு காலையும் அந்த ஒன்பதின் எச்சத்தையும் தனித்தனியே வழித்தெடுத்து, கடுமையான உப்புத் தண்ணீரில் கரைத்து, மேலே மிதந்து வருவதைக் கண்ணாடித் தகட்டில் தொட்டெடுத்து, புழு முட்டை இருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் சச்சிதானந்தனின் வேலை. பதவியின் பெயர் தற்காலிக ஆய்வுகூட உதவியாளர். ஜூன் முப்பதுடன் முடிகிறது. ஜூலையில் இருந்து நிரந்தர விஞ்ஞான உத்தியோகத்தர் ஒருவரை நியமிக்கப் புகலிடத்தின் கொமிற்றி யோசித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பதவி கிடைக்காவிட்டால், முன்பு எட்டு மாதம் நின்று பெட்டி அடுக்கிய பிஸ்கற் தொழிற்சாலைக்கே திரும்பிப் போகவேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்தது. அந்தப் பதவி கிடைத்துவிட்டதாக அவர் ஊருக்குக் கடிதம் எழுதி நாலு மாதமாகிவிட்டது.

ஆகவே அந்தப் புதன்கிழமை, நாலாம் இலக்கப் பெங்குவினின் எச்சத்தில், இரண்டு முனையிலும் தக்கை அடைத்த சின்னப் பீப்பா மாதிரி ஒரு முட்டை தெரிந்தபோது, அவர் அலுமாரியில் இருந்த ஒரே புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பறவைகளில் வருகிற ஒரு நூல்புழுவின் முட்டை ஏறக்குறைய இப்படி இருந்தது. ஏறக்குறைய மட்டும்தான். பெங்குவினில் இப்படி ஒன்றைக் கண்டதாகப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. ஐந்தாம் இலக்கத்தைப் பார்த்தார், இருந்தது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாவற்றிலும் இருந்தது. புத்தகத்தில் இல்லாததால் அது உலகத்திலும் இல்லை என்று முடிவு கட்டினார். புதுப் புழு. புதுப் புழுவுக்குப் புதுப் பெயர் வேண்டும்.

*

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு யோகேஸ்வரனும் மனைவி ரஞ்சினியும் வந்திருந்தார்கள். யோகேஸ்வரன் ரயில்வேயில் படம் வரைகிறவன். மெல்பேர்ணில் அப்போது இருந்த பதினொரு ஈழத்துக் குடும்பங்களையும் சேர்த்துத் தொடங்கிய தமிழர் வட்டத்துக்குச் செயலாளர். சச்சிதானந்தனின் மனைவி விமலா, கிளேற்றன் புறநகரில் இருந்த தங்கள் வீட்டுச் சின்னக் குசினியில் மத்தியானம் தொடக்கம் நின்று, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பிழி உரலில் இடியப்பம் பிழிந்திருந்தாள்.

"இடியப்பத்தை இப்பிடிப் பிச்சுப் பாருங்கோ" என்றார் சச்சிதானந்தன், ஒன்றை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து. "போன மாசம் செத்த பெங்குவின் ஒண்டின்ரை இரைப்பையைத் திறந்தனான். அச்சொட்டாய் இதுதான். வெள்ளை வெளேரெண்டு, ஒண்டோடை ஒண்டு சிக்குப்பட்டு, இளஞ்சூடாய். ஒரே ஒரு வித்தியாசம், அது நெளிஞ்சது."

ரஞ்சினி சாப்பாட்டுக் கோப்பையை ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

"சொதியும் விட்டிருந்ததோ, மாஸ்ரர்?" என்றான் யோகேஸ்வரன். ஊரில் பதினொரு வருடம் விலங்கியல் படிப்பித்ததால் சச்சிதானந்தன் இங்கேயும் எல்லாருக்கும் மாஸ்ரர்தான்.

"சொதி எண்டு சொல்லேலாது. அரைவாசி செமிச்ச மீன். சாம்பல் நிறம். ஒரு கரண்டி அளவிலை..."

"இஞ்சாருங்கோ!" என்றாள் விமலா.

"விஞ்ஞானத்திலை அருவருப்புக்கு இடமில்லை, விமலா. அதை விடும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய புழு. நான் இப்ப கண்டது ஆருமே காணாதது. முறைப்படி பார்த்தால் அதுக்குக் கண்டுபிடிச்சவன்ரை பேர் வரலாம். இலத்தீனிலை எழுதேக்கை 'சச்சிதானந்தனி' எண்டு வரும்."

"தன்ரை பேரைத் தானே வைக்கலாமோ?"

"தானே வைக்கிறது மரியாதை இல்லை. மற்றவை வற்புறுத்த வேணும். நான் ரெண்டு தரம் மறுக்க வேணும்." அவர் மறுப்பு வசனங்களை ஏற்கனவே எழுதி வைத்திருந்தார். வற்புறுத்த ஆள்தான் தேவைப்பட்டது.

"ஒரு புழுவுக்கு மூண்டு முழத்திலை பேர்" என்றான் யோகேஸ்வரன். "உம்மட அப்பரின்ரை பேரை வையுமன். கந்தையா எண்டால் கூப்பிடவும் லேசு. அந்த மனிசனும் சீவியத்திலை ஒண்டையும் காணேல்லை."

"பகிடி விடாதையும் காணும். வட்டத்தாலை ஒரு பாராட்டுக் கூட்டம் வைக்க வேணும். அதைத்தான் யோசியும்."

"வைப்பம், வைப்பம். என்னெண்டு அழைப்பிதழிலை போடுறது? பீயிலை புழுக் கண்ட பெருமகன் எண்டோ?"

விமலா மீன்குழம்புச் சட்டியை மேசையில் வைத்தபடி, "முதல்லை கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினீங்களோ எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

அது தொடக்கூடாத இடம். சச்சிதானந்தன் கதிரையில் நிமிர்ந்தார்.

"எனக்கோ சுத்தத்தைப் பற்றி வகுப்பு? இந்த நாட்டிலை சுத்தம் எண்டால் என்னெண்டு தெரிஞ்சவை நாங்கள் பதினொரு குடும்பம்தான். வீதியைக் கூட்டுறான், நாயைக் குளிப்பாட்டுறான், காரை மினுக்குறான். பின்பக்கம் போய்ப் பார்த்தால் கடதாசி! யோகேசு, உம்மடை கையிலை சாணி பட்டால் கடதாசியாலை துடைச்சுப்போட்டு அந்தக் கையாலை சோறு குழைச்சுத் தின்னுவீரோ? மாட்டீர். இவங்கள் அதைத்தான் சீவியம் முழுக்கச் செய்யிறாங்கள். வெளியிலை சென்ற், உள்ளுக்குக் காய்ஞ்சு போன..."

"மாஸ்ரர், குழம்பு" என்றான் யோகேஸ்வரன், இரண்டு கையாலும் கும்பிட்டு.

அன்றைக்கு மூன்று பேர் பசியோடு எழும்பினார்கள். சச்சிதானந்தன் மட்டும் பன்னிரண்டு இடியப்பம் சாப்பிட்டார்.

*

சுத்தத்தைப் பற்றி அவர் சும்மா பேசுகிறவர் இல்லை. புகலிடத்துக் கக்கூசில் தண்ணீர்க் குழாய் கிடையாது. கடதாசிச் சுருள் மட்டும் சுவரில் தொங்கியது. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அவர் அதற்கு வழி கண்டுவிட்டார். ஆய்வுகூடச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த நீல பிளாஸ்டிக் ஜக், இரண்டு லீற்றர் கொள்ளும், பிடியும் மூக்கும் உள்ளது. காலை பத்தரைக்கு அதில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு பின்பக்கம் போவார். திரும்பி வந்து மூன்று தரம் அலம்பி, பழையபடி ஆணியில் மாட்டுவார். பிறகு, உப்புக் கரைக்கிற வாளி மே தொடக்கத்தில் ஓட்டையாகிவிட்டதால், அதே ஜக்கில் உப்பைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கி, பெங்குவின் எச்சம் கரைக்கத் தொடங்குவார். அந்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சுத்தம் செய்யப் பயன்படும் பாத்திரம் எப்படி அசுத்தமாகும்?

கொமிற்றியின் தலைவி மிஸிஸ் வில்லபி. தொப்பி இல்லாமல் யாரும் கண்டிராத சீமாட்டி. புழுச் செய்தியைக் கேட்டதும் கையுறை போட்ட கையை நெஞ்சில் வைத்து, "டொக்டர் சச்சி! எங்கள் கொட்டிலிலா?" என்றார். அவர் டொக்டர் இல்லை என்பதைச் சொல்ல அதற்குமுன் பல சந்தர்ப்பங்கள் வந்தன. அன்றைக்கும் ஒன்று வந்து போனது.

உள்ளூர் வாரப் பத்திரிகையில் இருந்து படம் எடுக்க வந்தார்கள். நாலாம் இலக்கப் பெங்குவினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தூரத்துக் கடலைப் பார்த்தபடி நிற்கச் சொன்னார்கள். நின்றார். அச்சாகி வந்த படத்தில் கழுத்துக்கு மேலேதான் இருந்தது. கழுத்துப்பட்டிக்கு நடந்ததைப் பத்திரிகை மறைத்துக் காப்பாற்றியது.

பறவைகளுக்கு அந்தக் காப்பு இல்லை. ஒன்பதையும் அந்த மாதம் பதினைந்தாம் திகதி கடலில் விடுவதாக இருந்தது. புது நோய்ப் புழுவோடு வெளியே விட்டால் கரையோரப் பெங்குவின் கூட்டம் முழுவதற்கும் தொற்றிவிடும் என்று சச்சிதானந்தன் நாலு பக்க அறிக்கை எழுதினார். கொமிற்றி விடுதலையை ஒத்திவைத்தது. பூச்சி மருந்து கொடுக்கத் தீர்மானமாயிற்று.

பெங்குவினுக்கு மருந்து கொடுப்பது என்றால், கூர் அலகை இரண்டு விரலால் பிளந்து, குளிசையைத் தொண்டைக்குள் தள்ளி, கழுத்தைத் தடவிவிட வேண்டும். அது உடனே விழுங்காது. ஒரு கணம் நம்மை உற்றுப் பார்க்கும். பிறகு குளிசையையும், காலையில் தின்ற மீனையும், அதற்கு முதல்நாள் தின்ற மீனையும் கஞ்சிப் பதத்தில் சப்பாத்தின்மேல் கக்கும். அந்தக் கஞ்சிக்குள் குளிசையைத் தேடி எடுத்து, திரும்பவும் கொடுக்க வேண்டும். இது ஒன்பது பறவைக்கும், இரண்டு நேரமும், பதினைந்து நாள் நடந்தது. தேடி எடுப்பது பில்லின் வேலை. அறிக்கை எழுதுவது சச்சிதானந்தனின் வேலை.

பில் அங்கே பறவை பராமரிப்பவர். துறைமுகத்தில் இருந்து ஓய்வுபெற்ற, பேச்சுக் குறைந்த மனிதர். ஒருநாள் ஒரு பெங்குவினைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து அதன் பாதத்தைக் காட்டினார். சீமெந்துத் தரையில் நின்று நின்று புண்ணாகி, மஞ்சளாய்ச் சீழ் கட்டியிருந்தது.

"இதுக்குப் புழு இல்லை, சச். இதுக்கு வேண்டியது கடல். இன்னும் ஒரு மாதம் இங்கே வைத்திருந்தால் காலாலேயே செத்துப்போகும்."

"நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள், பில். நான் நுணுக்குக்காட்டியால் பார்க்கிறேன்" என்றார் சச்சிதானந்தன். பதினைந்து நாள் மருந்துக்குப் பிறகும் ஒவ்வொரு தகட்டிலும் முட்டை இருந்தது. எந்த மருந்துக்கும் மசியாத புழு! தன் பெயர் தாங்கப்போகிற புழு அவ்வளவு இலகுவில் செத்துவிடுமா என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கண்டுபிடிப்பை உறுதிப்படுத்தப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒட்டுண்ணி நிபுணர் ஒருவரைக் கொமிற்றி அழைத்தது. அவர் வந்து சரி என்றால் ஜூலை நியமனமும் சரி என்று மிஸிஸ் வில்லபி வாய்விட்டே சொன்னார்.

*

ஜூன் இரண்டாம் திகதி சச்சிதானந்தன் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். நரைத்த தலையும் சங்கிலி மணிக்கூடுமாய் ஒரு பேராசிரியரை எதிர்பார்த்தார். வந்தவள் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி. ஜூன் மாதக் குளிரில் வெறுங்காலில் செருப்பு. பெயர் டொக்டர் மோரன். எச்சக் குப்பிகளுக்குப் பக்கத்தில் மேசையில் தன் சீஸ் சான்ட்விச்சைக் கடதாசி விரித்து வைத்துவிட்டு, ஒரு கடி கடித்து, நுணுக்குக்காட்டியில் குனிந்தாள்.

மிஸிஸ் வில்லபி, பில், சச்சிதானந்தன் மூவரும் நின்றார்கள். சச்சிதானந்தனின் கோட்டுப் பையில் மறுப்பு வசனங்கள் இருந்தன.

அவள் அளவுகோல் போட்டு அளந்தாள். தகட்டை மாற்றினாள். மென்றாள். இன்னொன்றை வைத்தாள்.

"இது எந்தப் பறவை?"

"நாலாம் இலக்கம்" என்றார் சச்சிதானந்தன், குரலைத் தாழ்த்தி.

"நாலாம் இலக்கம் எப்போதாவது மனிதப் பீ தின்றதா?"

மிஸிஸ் வில்லபி தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இது மனிதனுடைய சாட்டைப்புழு" என்றாள் மோரன். "முன்பக்கம் நூலாகவும் பின்பக்கம் தடிப்பாகவும், சாட்டை மாதிரி. மனிதனுடைய பெருங்குடலில் கடித்துக்கொண்டு வருடக்கணக்காய் இருக்கும். நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். பறவைக்குள் பிழைக்காது. பறவைப் புழுவின் முட்டையும் பார்க்க இப்படித்தான் இருக்கும், அதனால் குழம்பியிருக்கிறீர்கள். ஆனால் இது அது இல்லை. இந்த நகரத்தில் இதைப் பார்த்ததே எனக்கு ஆச்சரியம்." மிச்ச சான்ட்விச்சை வாயில் போட்டாள்.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடமாக, ஒவ்வொரு இரண்டாம் தவணையும், சச்சிதானந்தன் அந்தப் புழுவைப் பற்றிக் குறிப்புச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கரும்பலகையில் முட்டையைக்கூட வரைந்திருக்கிறார். நேரில் கண்டது இதுதான் முதல் தடவை.

ஆனால் மனிதர் சறுக்கின இடத்திலேயே படுத்துவிடுகிற ஆள் இல்லை. மூளை மின்னலாய் வேலை செய்தது. மனிதப் புழு. மனிதக் கை. கடதாசி!

"மேடம்" என்றார், கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு. "இது பெங்குவினின் நோயில்லை என்றால், பெங்குவினைத் தொடுகிற கைகளின் நோய். தண்ணீர் பாவிக்காத கைகள். யாருடையது என்று நான் சொல்லவில்லை." சொல்லிக்கொண்டே பில்லின் கையைப் பார்த்தார். பில்லும் தன் கையைப் பார்த்தார். "இங்கே வேலை செய்கிற எல்லாருடைய மலத்தையும் சோதிக்க வேண்டும். உடனே."

"நல்ல யோசனை" என்றாள் மோரன்.

"பெயர் வேண்டாம், இலக்கம் போடலாமே" என்றார் மிஸிஸ் வில்லபி மெல்லிய குரலில்.

"விஞ்ஞானத்தில் கூச்சத்துக்கு இடமில்லை, மேடம். பெயர் போட்டு, முடிவை அறிவித்தல் பலகையில் குத்த வேண்டும். அப்போதுதான் மற்றவர்களுக்குப் பாடம்."

அறிவித்தலை அவரே தட்டச்சுச் செய்தார். தனிமனித ஒழுக்கமே விஞ்ஞானத்தின் அத்திவாரம் என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம் போயிற்று.

ஆறு பேர் கொடுத்தார்கள். பில் தன்னுடையதை ஜாம் போத்தலில் கொண்டுவந்தார். ஜாம் முழுதாய்க் கழுவப்பட்டிருக்கவில்லை என்பதால் எது எது என்று கொஞ்சம் தடுமாற்றம். மிஸிஸ் வில்லபியுடையது தொப்பிப் பெட்டி ஒன்றுக்குள், ரிஷு கடதாசியால் பொதிந்து, நாடா கட்டி வந்தது. வேலியோரமாய்ப் பூக்கன்று நடுகிற மூன்று சீமாட்டிகள் கைப்பையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்கள். சச்சிதானந்தனுடையது முறையான குப்பியில், முறையான அளவில், பட்டத்தோடு பெயர் எழுதி ஒட்டப்பட்டு இருந்தது. ஆறையும் வரிசையாய் அடுக்கி, மோரனின் காரில் ஏற்றிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டார்.

*

மோரன் ஒன்பதாம் திகதி வந்தாள். முடிவுகளைச் சொல்லமுன் ஒரு விளையாட்டு மாதிரிச் செய்தாள். நீல ஜக்கில் கலக்கியிருந்த உப்புத் தண்ணீரில் ஒரு துளியை, ஒரு எச்சமும் சேர்க்காமல், தகட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு மிஸிஸ் வில்லபியைப் பார்க்கச் சொன்னாள்.

"பீப்பா" என்றார் மிஸிஸ் வில்லபி. "இரண்டு. இல்லை, மூன்று."

"பெங்குவின் இல்லாமலே வருகிறது. அப்படியென்றால் முட்டை இந்தத் தண்ணீரில்தான் இருந்திருக்கிறது. இந்த ஜக்கை வேறு எதற்கும் பாவிக்கிறீர்களா?"

கொட்டிலில் ஒரு பெங்குவின் எங்கேயோ பீச்சியடித்த சத்தம் மட்டும் கேட்டது.

"சச் அதில் தண்ணீர் கொண்டு போவான்" என்றார் பில். அவர் குரலில் பழி இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். "காலை பத்தரைக்கு. பின்பக்கம். செடிக்கு ஊற்றுகிறான் என்று நினைத்திருந்தேன்."

"பின்பக்கம் என்ன செடி?"

பில் யோசித்தார். "செடி ஒன்றும் இல்லை. கக்கூசுதான் இருக்கு."

எல்லாரும் ஜக்கைப் பார்த்தார்கள். நல்ல ஜக். மூக்கு நீளமானது. பிடி வழுவழுவென்று இருந்தது. மிஸிஸ் வில்லபிக்கு விளங்க மற்றவர்களைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாய் எடுத்தது. விளங்கியதும், போன மாதம் அந்த ஜக்கில் தண்ணீர் மொண்டு தானே கேத்தலில் விட்டு எல்லாருக்கும் தேநீர் போட்டது ஞாபகம் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே போனார். அவர் போட்ட சத்தம் பெங்குவின் மருந்து கக்குகிற சத்தம் போலவே இருந்தது.

"நான் மூன்று தரம் அலம்புவேன்!" என்றார் சச்சிதானந்தன்.

அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கத் தேவைப்படவில்லை.

மோரன் பட்டியலை மேசையில் வைத்தாள். ஆறு பெயர்கள். ஐந்துக்கு எதிரே 'இல்லை' என்று இருந்தது. ஜாம் போத்தலுக்கும் இல்லை. தொப்பிப் பெட்டிக்கும் இல்லை.

"மருந்து இருக்கிறது, மூன்று நாளில் சரியாகிவிடும்" என்றாள். "வெட்கப்பட ஒன்றும் இல்லை. உலகத்தில் கோடிக்கணக்கான பேருக்கு இருக்கிறது. கழுவுவதிலும் பிழை இல்லை, அதற்கென்று தனியாக ஒரு ஜக் வாங்குங்கள்." அவள் அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு, "முடிவுகளைப் பலகையில் போட வேண்டும் என்று உங்கள் அறிவித்தலில் இருந்தது. போடவா?" என்று கேட்டாள்.

சச்சிதானந்தன் வாயைத் திறக்க முன்னரே பில் பட்டியலை எடுத்து நாலாய் மடித்துத் தன் பையில் வைத்தார். "பலகையில் இடமில்லை" என்றார்.

கொமிற்றி அடுத்த செவ்வாய் கூடியது. புதுப் புழு இல்லாத நிலையில் விஞ்ஞான உத்தியோகத்தருக்கும் அவசியம் இல்லை என்று தீர்மானித்தது. சச்சிதானந்தனுக்கு ஜூலையில் இருந்து ஆறு மாதத்துக்கு மீன் வெட்டுகிற வேலை கொடுக்கலாம் என்று பில் பரிந்து பேசியிருக்கிறார். கையுறை போட்டால் சம்மதம் என்று கொமிற்றி சொன்னது. அவர் சம்மதித்தார். பிஸ்கற் தொழிற்சாலையில் போய், அந்தப் பத்திரிகைப் படத்தைப் பார்த்த பழைய ஆட்களின் முகத்தில் விழிக்க அவரால் முடியாது. கக்கூஸ் கதவில் புது அறிவித்தல் ஒன்று தொங்கியது: ஆய்வுகூடப் பாத்திரங்களை உள்ளே கொண்டுபோக வேண்டாம். பெயர் குறிப்பிடவில்லை. கொட்டிலில் ஆறு பேர்தான் வேலை செய்தார்கள்.

பெங்குவின்கள் கால்புண் ஆறியதும் போயின. இல்லாத நோய்க்கு ஒரு மாதச் சிறையும் பதினைந்து நாள் மருந்தும் அனுபவித்த ஒன்பதும், பெட்டி திறந்ததும் திரும்பிப் பாராமல் தண்ணீருக்குள் விழுந்தன. வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் கவனமாய்ப் பக்கவாட்டில் நின்றார்கள்.

*

வீட்டில் விஷயத்தை அவர் விமலாவுக்கு வேறு மாதிரித் தொடங்கினார். வெப்பமண்டல நாடுகளின் பொதுச் சுகாதார வரலாற்றில் இருந்து தொடங்கி, அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தன் குடலுக்கு வந்து சேர்ந்தார். விமலா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்கடை வயித்துக்கையோ?"

"என்ரை எண்டு தனிச்சுச் சொல்லாதையும். இது எங்கடை மண்ணின்ரை பிரச்சினை. சிலோனிலை எல்லாருக்கும் இருக்கும்."

"அந்தக் கையாலையோ எனக்குத் தோசை சுட்டுத் தந்தனீங்கள்?"

"தோசைச் சூட்டிலை ஒண்டும் மிஞ்சாது" என்று விஞ்ஞானம் பேசினார். அவள் எழும்பிப் போய், சவுக்காரத்தை எடுத்து முழங்கைவரை போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே தொலைபேசியில் ரஞ்சினியைக் கூப்பிட்டுச் சொன்னாள். கால்மணி நேரத்தில் திருப்பி அடித்தது.

"மாஸ்ரர்" என்றான் யோகேஸ்வரன். சிரிப்பை அடக்குகிற மூச்சு நன்றாகக் கேட்டது. "பேர் வைக்க இனி ஆரும் வற்புறுத்தத் தேவையில்லை. உள்ளுக்கு இருக்கிறது முழுக்க உம்மடை பிள்ளையள்தானே. கூட்டத்தை வைக்கிறதோ, விடுறதோ?"

"விடும்" என்றார் சச்சிதானந்தன். இரண்டாம் தரம் மறுக்க வேண்டி வரவில்லை.

அன்று இரவு படுக்கையில் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். விட்டத்தைப் பார்த்தபடி, "எனக்கு முதலிலை இல்லை" என்றார். "நாங்கள் கிணத்துத் தண்ணியை வடிச்சுக் குடிச்ச குடும்பம். கலியாணம் முடிஞ்சு உங்கடை வீட்டிலை ஒரு மாசம் இருந்தனே, அப்பதான் தொத்தியிருக்க வேணும். உங்கடை கொம்மா கீரையை மண்ணோடைதான் சமைக்கிறவ. உமக்குக் கட்டாயம் இருக்கும். உம்மட்டை இருந்துதான் எனக்கு."

விமலா இருட்டில் எழும்பி உட்கார்ந்தாள்.

"அப்ப நானும் குடுக்கிறன். பார்க்கட்டும்."

"குடும். கட்டாயம் குடும். உண்மை வெளியிலை வரட்டும்."

அடுத்த நாள் காலை அவள் குப்பியைக் கட்டிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு பஸ் மாறிப் போய், பல்கலைக்கழகத்தில் மோரனின் கையிலேயே கொடுத்து, தன் மனைவியின் குடும்பத்துக் கிணற்றைப் பற்றியும் விளக்கிவிட்டு வந்தார். முடிவு வரும்வரை வீட்டில் அவர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். கீரை என்ற சொல்லை நாலைந்து தரம் உச்சரித்தார்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. விமலாவுக்குப் புழு இல்லை.